இரண்டு பழ விளக்கு

காட்டில் எல்லாரும் மரநாய் வேம்பனிடம்தான் விளக்கு வாங்கினார்கள். சுரைக்குடுக்கையில் மின்மினிகளை விட்டு, பொழுது சாய்ந்ததும் வீடு வீடாகத் தொங்கவிடுவான். ஒரு விளக்குக்கு ஒரு நாவல்பழம். மின்மினிகளுக்குத் தீனியாக, தேனீக்களிடம் தேன் வாங்குவான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. பூக்கள் கருகின, தேன் விலை ஏறியது. மறுநாளே வேம்பன், "இனி இரண்டு பழம்!" என்றான். எல்லாரும் கொடுத்தார்கள். வேறு கடை ஏது?

பிறகு மழை கொட்டியது. தேன் விலை இறங்கியது. வேம்பன் மட்டும் விளக்கு விலையைக் குறைப்பது பற்றி மூச்சு விடவில்லை. தொந்தி நிறைகிறதே, பேச்சு எதற்கு?

அப்போது ஓடைக்கு அக்கரையில் முள்ளம்பன்றி ஒரு விளக்குக்கடை போட்டான். அங்கே ஒரு பழம்தான். குரங்கு அங்கே கிளம்பியதும் வேம்பன் ஓடிப்போய் மறித்தான்.

"உனக்கும் ஒரு பழம்தான் தம்பி. வெளியே சொல்லிடாதே."

முயலின் காதிலும் அதையே ஓதினான்.

அணில் பூவாயியிடம் ஓதவில்லை. கண் திறக்காத குஞ்சுகளை விட்டுவிட்டு அவள் எங்கே ஓடையைத் தாண்டப் போகிறாள்? பாம்பு நடமாடும் மரம். வெளிச்சம் இருந்தால்தான் அது பொந்தை நெருங்காது. அவள் இரண்டு பழமே கொடுத்தாள்.

"பாவம் அண்ணே, தேன் இன்னும் மலிவாகலை போல" என்று அவளே பரிதாபப்படுவாள். வேம்பனும் வெட்கமில்லாமல் ஒரு பெருமூச்சு விட்டு வைப்பான்.

ஒருநாள் மாலை அவன் வந்தபோது, பூவாயி பொந்தின் வாயைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கு விளக்கு வேண்டாம் அண்ணே. ஒரு பழம்தான் கிடைச்சுது. பாதி விலைக்கு வாங்கி உங்களை நஷ்டப்படுத்த மனசு வரலை. பாம்பு வந்தா முதல்ல என்னைப் பிடிக்கட்டும்."

மேல்கிளையில் குரங்கின் ஒரு பழ விளக்கு ஜொலித்தது. வேம்பன் கூனிக் குறுகிப் போனான். விளக்கைப் பொந்தின் வாயில் மாட்டினான்.

"ஒரு பழம்கூட வேண்டாம்மா. தேன் எப்பவோ மலிவாகிடுச்சு. குரங்குக்கும் முயலுக்கும் ஒரு பழத்துக்குத்தான் தர்றேன்."

பூவாயி கோபப்படவில்லை. குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த இன்னொரு பழத்தை நான் தின்னிருந்தா, இதுகளுக்குப் பால் வத்தியிருக்காதே அண்ணே" என்றாள்.

மறுநாள் முதல் எல்லாருக்கும் ஒரே விலை, ஒரு பழம். பூவாயி சாப்பிடப் பழமும் கொண்டுபோய் வைத்தான். குஞ்சுகள் தேறின. ஆனால் அந்தப் பொந்தில் விளக்கு மாட்டும்போதெல்லாம் வேம்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

செலவு கூடியபோது எல்லார் தலையிலும் ஏற்றிய விலையை, செலவு குறைந்தபின் போட்டிக் கடைக்கு ஓடக்கூடியவர்களுக்கு மட்டும் இறக்குகிறவன், தன்னை நம்பி நின்றவர்களின் வயிற்றில்தான் அடிக்கிறான்.