ஆளுக்கொரு வாய்

மலையடிவாரத்துக் காடு ஒன்றில், குழந்தைகளே, செவலை என்றொரு நாய் காவல் காத்து வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் சிறுத்தையின் தலை தெரிந்தாலே போதும், செவலை குரைத்துக் காட்டையே எழுப்பிவிடும். அதற்கு இருந்தது ஒரே ஒரு குட்டி, கருவாலி.

அறுவடைத் திருநாள் வந்தது. அன்றைக்குக் கரடி திராட்சைப் பாயசம் வைக்கும். காட்டுத் திராட்சையைப் பாறைமேல் உலர்த்தி, தினையும் தேனும் சேர்த்துக் காய்ச்சுகிற பாயசம். அதன் பெருமையைக் கரடி பேச ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது. அந்த வருஷம் பிறந்த குட்டிகளுக்கு ஆளுக்கு ஒரு வாய் ஊட்டி வாழ்த்துவது அந்தக் காட்டு வழக்கம்.

செவலை பானையருகே ஓடி வந்தது.

"கருவாலிக்கு மட்டும் திராட்சை வேண்டாம்" என்று அது எல்லாரிடமும் கெஞ்சியது. "எங்கள் இனத்துக்கு அது விஷம். போன ஈற்றில் ஒரு பிள்ளையை அதற்குத்தான் பறிகொடுத்தேன். இதோ, தினைக்கஞ்சி வைத்திருக்கிறேன். இதையே ஊட்டி வாழ்த்துங்கள்."

"நல்ல நாளும் அதுவுமாக விஷம் என்கிறாயே!" என்று கரடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"நீ காவலுக்குப் போ, அக்கா. நாங்கள் இருக்கிறோம் இல்லையா?" என்றது மான்.

குரங்கும் நரியும் தலையாட்டின. விருந்துக் கூட்டத்தை மோப்பம் பிடித்துச் சிறுத்தை அக்கரையில் வந்து உட்கார்ந்திருந்தது. செவலை மனசில்லாமல் ஓடைக்கு ஓடியது.

கருவாலி கஞ்சியை முகர்ந்து பார்த்தது. பாயசப் பானையைப் பார்த்து வாலை ஆட்டியது.

மானுக்கு இளகிய மனசு. "பாவம், பிள்ளை ஏங்குகிறது. ஒரு வாயில் என்ன ஆகிவிடும்?" என்று யாரும் பார்க்காதபோது ஊட்டியது.

குரங்குக்கு எல்லாமே விளையாட்டு. "உன் அம்மா பயந்தாங்கொள்ளி!" என்று குட்டியின் காதைத் திருகி ஒரு வாய் ஊட்டியது.

கரடி சும்மா இருக்குமா? தன் பாயசம் தொடாத குட்டி ஒன்று காட்டில் இருப்பது அதற்கு அவமானம். அதுவும் ஒரு வாய் ஊட்டியது, கொஞ்சம் பெரிய வாயாகவே.

நரி அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. செவலை சொன்னது மெய் என்று அதற்குத் தெரியும். ஆனால் நமக்கேன் பொல்லாப்பு என்று இருந்துவிட்டது. இருந்ததோடு விட்டதா? எல்லாரும் ஊட்டும்போது தான் மட்டும் ஒதுங்கினால் நன்றாக இருக்காது என்று அதுவும் ஒரு வாய் ஊட்டியது.

சாயங்காலம் செவலை திரும்பி வந்தபோது கஞ்சி அப்படியே இருந்தது.

"பிள்ளை ஏன் சாப்பிடவில்லை?" என்று பதறியது.

மான் தரையைப் பார்த்தது. குரங்கு மரத்தில் ஏறிக்கொண்டது.

"விளையாடிய களைப்பு, வேறொன்றும் இல்லை" என்றது நரி.

மறுநாள் காலையில் கருவாலி வாந்தி எடுத்தது. அதில் உப்பிப்போன திராட்சைகள் கிடந்தன.

"யார் கொடுத்தது?" என்று செவலை அலறியது. "நேற்றே சொல்லியிருந்தால் அறுகம்புல்லைத் தின்னவைத்து அத்தனையையும் கக்க வைத்திருப்பேனே! வாயைத் திறக்க உங்களுக்கு என்ன கேடு?"

அன்றிலிருந்து கருவாலி தண்ணீரைக்கூடத் தொடவில்லை. நான்காம் நாள் வெயில் ஏறும் வேளையில் தாயின் மடியிலேயே அதன் மூச்சு நின்றது.

துக்கம் கேட்க எல்லாரும் வந்தார்கள்.

"நான் ஒரே ஒரு வாய்தான் கொடுத்தேன்" என்று அழுதது மான்.

"நானும் ஒரு வாய்தான்" என்றது குரங்கு.

"ஆளுக்கு ஒரு வாய்தானே!" என்றது நரி.

கரடி முன்னால் வந்தது. "அடுத்த திருநாளுக்குப் பாயசத்தில் திராட்சையே போடமாட்டேன், செவலை. இது சத்தியம்."

செவலை குட்டியை நக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"தாராளமாகப் போடு" என்றது. "இனி ஊட்டுவதற்கு என்னிடம் பிள்ளை இல்லை."

நீதி: ஆகாது என்று சொன்ன உணவை அன்பினால்கூட ஒரு வாய் ஊட்டாதே, ஊட்டிவிட்டால் ஒரு நொடியும் மறைக்காதே.