சிலிர்க்கக் கூடாத மெத்தை

மூங்கில் காட்டில் ஊசியம்மா என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஒரு கார்த்திகை மாதம் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். கழுத்தில் வரி ஓடியதால் பெயர் வரிச்சி. வடக்கே எங்கேயோ பனிமலையைத் தாண்டிக் கூட்டமாகப் பறந்து வந்த வாத்துகளில் ஒருத்தி. இறக்கை சுளுக்கிக் குளத்தங்கரையில் விழுந்து கிடந்தவளை ஊசியம்மாதான் தன் வளைக்குக் கூட்டி வந்து, கோரைக்கிழங்கு தோண்டிக் கொடுத்துத் தேற்றினாள்.

இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள்! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அதற்குள் பங்குனி வந்துவிட்டது. இறக்கையும் சரியாகிவிட்டது. தெற்கே போயிருந்த கூட்டம் ஊருக்குத் திரும்புகிற வழியில் அவளைக் கூப்பிட வந்தது.

"அழாதேடி ஊசி! வருஷா வருஷம் பங்குனியில இந்த வழியாத்தான் திரும்பிப் போவோம். பொழுது சாயற நேரம். வரிசையில கடைசி ஆள் நான்தான். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். நீ மேலே பாரு, அது போதும்!" என்றாள் வரிச்சி.

சொன்னபடியே மறு வருஷம் குரல் வந்தது. "ஆங்! ஆங்! ஊசீ!"

ஊசியம்மா தலையைத் தூக்கினாள். முள்ளம்பன்றி எங்கே அண்ணாந்து பார்ப்பது? கழுத்து முள் முதுகு முள்ளில் போய் முட்டியது. எதிரே மூங்கில் தூர்தான் தெரிந்தது. குரல் தலைக்கு மேலே வந்தது, தாண்டியது, தேய்ந்து போயிற்று. அன்றைக்கு அவள் அழுத அழுகையை யாரிடம் சொல்ல!

அழுது முடித்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். மல்லாந்து படுத்தால்தான் வானம் தெரியும். வானம் தெரிய வேண்டுமானால் மரமே இல்லாத மொட்டைப்பாறைக்குப் போக வேண்டும். எந்த நாள் வருவார்கள் என்று தெரியாது. ஆகவே பங்குனி பிறந்ததும் பாறைமேலேயே போய்த் தங்கிவிட வேண்டும்.

எல்லாம் சரி. பாறையில் மல்லாந்தால் முதுகு முள்ளெல்லாம் மடங்கி உயிர் போகுமே! நல்ல மெத்தை ஒன்று வேண்டும்.

முதலில் இலவம்பஞ்சைப் பரப்பிப் படுத்துப் பார்த்தாள். சுகமாகத்தான் இருந்தது. எழுந்தபோது மொத்தப் பஞ்சும் முள்ளில் குத்திக்கொண்டு கூடவே எழுந்து வந்துவிட்டது!

"டேய், பஞ்சுமிட்டாய் நடந்து வருதுடா!" என்று மரத்தில் இருந்த குரங்குகள் கூவின. ஊசியம்மாவுக்கு மானம் போயிற்று.

அப்போதுதான் நரி வந்தான். மலையேற வந்த மனிதர்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு எல்லோர் தலையிலும் கட்டுகிறவன் அவன்.

"என்னக்கா நீங்க! பஞ்சு, சருகுன்னு இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்களே! இதைப் பாருங்க, காத்து மெத்தை. சுருட்டினா வாழைப்பூ அளவு. ஊதினா ராஜா வீட்டுப் படுக்கை! சும்மா ஒரு தடவை படுத்துத்தான் பாருங்களேன்!"

படுத்துப் பார்த்தாள். தண்ணீரில் மிதப்பது போல இருந்தது. "அடேயப்பா!" என்றாள்.

"ஒரே ஒரு சங்கதிக்கா. முள்ளைப் படிய வச்சுக்கணும். சிலிர்க்கக் கூடாது. சிலிர்க்காம இருந்தா ஆயுசுக்கும் உழைக்கும்!"

"இவ்வளவுதானே? இருந்துட்டுப் போறேன் தம்பி!" ஒரு குழி நிறையச் சேர்த்து வைத்திருந்த வள்ளிக்கிழங்கு முழுவதையும் ஊசியம்மா அவனுக்குக் கொடுத்தாள்.

பங்குனி பிறந்தது. நரி மெத்தையைக் கவ்விக்கொண்டு முன்னே போனான். பாறை அடிவாரத்தில் காட்டாறு வற்றிக் கிடந்தது. கரைக்குக் கரை வெறும் மணல். ஊசியம்மாவின் கால் புதைந்தது.

"தம்பி, இந்த மணலே மெத்துமெத்துன்னு இருக்கேப்பா."

"ஐயய்யே! ஆத்து மணல்ல படுத்தா காடே கைகொட்டிச் சிரிக்கும்! பேசாம வாங்கக்கா!"

பஞ்சுமிட்டாய்ப் பேச்சு நினைவுக்கு வந்தது. ஊசியம்மா அவன் பின்னாலேயே நடந்தாள்.

பாறைமேல் நரி மெத்தையை ஊதிக் கொடுத்தான். தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் ஊசியம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, முள்ளை ஒட்டப் படியவைத்து மல்லாந்து கிடந்தாள். வானம் வெறிச்சென்று இருந்தது. 'இளைத்திருப்பாளோ? அந்த இறக்கை இன்னும் வலிக்குமோ? போன வருஷம் நான் பதில் சொல்லவில்லையே, மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பாளோ?' ஒவ்வொரு நாளும் இதே நினைப்புதான். ஒவ்வொரு நாளும் இருட்டியதும் ஏமாற்றம்தான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் தெற்கே ஒரு கோடு தெரிந்தது. கோடு வளர்ந்தது. கோட்டின் கடைசியில் ஒரு சின்னப் புள்ளி.

"ஆங்! ஆங்! ஊசீ!"

எத்தனை நாள் ஏங்கிய குரல்! ஊசியம்மாவுக்கு உச்சி முதல் வால் வரைக்கும் சந்தோஷம் ஓடியது. உடம்பு சிலிர்த்தது. உடம்பு சிலிர்த்தால் முள் மட்டும் சும்மா இருக்குமா?

டமார்!

மெத்தை வெடித்து ஊசியம்மாவைத் தூக்கி எறிந்தது. பாறைச் சரிவில் உருண்டு உருண்டு ஆற்று மணலில் போய் விழுந்தாள்.

"வேட்டைக்காரன்! வேட்டைக்காரன்!" என்று மேலே வாத்துகள் அலறின. கோடு கலைந்தது. எல்லாம் வடக்கே பிய்த்துக்கொண்டு பறந்தன.

"போயிட்டாளே! நானே விரட்டிட்டேனே!" ஊசியம்மா வாய்விட்டுக் கதறினாள். "வரிச்சீ! வேட்டைக்காரன் இல்லடீ! நான்தான்டீ!"

கத்திய பிறகுதான் தெரிந்தது, அவள் மல்லாந்து கிடந்தாள். முள்ளெல்லாம் விறைத்து நின்றது. ஆனாலும் வலிக்கவில்லை. ஒவ்வொரு முள்ளும் மணலுக்குள் தனக்கென்று ஓர் இடம் பார்த்து இறங்கியிருந்தது. மேலே வானம் முழுசாகத் தெரிந்தது.

அந்த வானத்தில் ஒரே ஒரு பறவை திரும்பி வந்துகொண்டிருந்தது.

"ஊசி! என்னடி இப்படி மல்லாந்து கிடக்கே?"

"உன்னைப் பார்க்கத்தான்டி!"

வரிச்சி தாழ வந்து ஆற்றின்மேல் வட்டமடித்தாள். கழுத்து வரி தெரிந்தது. இறக்கை நன்றாக இருந்தது. இளைக்கவில்லை. ஊசியம்மா கண் கொட்டாமல் பார்த்தாள்.

"கூட்டம் போயிட்டே இருக்குடி, நான் நிக்க முடியாது! அடுத்த பங்குனியிலயும் இதே இடத்துல படுத்திருப்பியா?"

"இங்கேயேதான் இருப்பேன், வாடி!"

வரிச்சி வடக்கே திரும்பினாள். சின்னதாகி, புள்ளியாகி, மறைந்தாள். அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு ஊசியம்மா அப்படியே கிடந்தாள்.

கிழிந்த மெத்தையை இழுத்துக்கொண்டு நரி ஓடி வந்தான். "நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா, சிலிர்க்காதீங்கன்னு!"

"சிலிர்க்காம இருக்கவா தம்பி நான் இத்தனை நாள் காத்துக் கிடந்தேன்?" என்றாள் ஊசியம்மா.

மனசார ஒரு தடவை சிலிர்த்துக்கொள்ள விடாத சுகம், எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அது நமக்கான சுகம் அல்ல.