பாதிப் பாலம்

மாசிலாமணி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் மடத்துக்கு வந்தார், ஊசி போடக் குழந்தையைக் கொண்டுவருகிறவர் மாதிரி. குருவைவிட அவருக்கு ஏழு வயது கூடுதல். ஆனாலும் சீடர் அவர்தான்.

ஞாயிறு மதியம். குரு சமையற்கட்டில் உட்கார்ந்து, இரவுக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா அது?"

"கேம் ஆடுற கம்ப்யூட்டர், சாமி. ஒரு சந்தேகம்."

"எனக்கு ஆடத் தெரியாது."

"ஆட வேண்டாம். இதுக்கே புதுப் பாகம் போட்டு ஓட்டுறதா, இல்ல தூக்கிக் கடாசிட்டுப் புதுசா வாங்குறதா? நீங்க சொல்றபடி செய்யறேன்."

கையில் இன்னொரு அட்டைப்பெட்டியும் இருந்தது. உள்ளே புது கிராபிக்ஸ் கார்டு, கேம் படங்களை வேகமாக ஓட்டுவது. ஆசையாக வாங்கினார். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போகவில்லை. கார்டு நீளம், பெட்டி குட்டை. பெட்டியை மாற்றினால் பவர் சப்ளை பத்தாது. அதையும் மாற்றினால் மதர்போர்டு பழசு. இன்று சாயங்காலத்துக்குள் கொண்டுபோனால்தான் கடைக்காரர் கார்டைத் திரும்ப எடுப்பார்.

"அளக்காமலா வாங்கினீரு?"

"வேகத்தை மட்டும்தான் பார்த்தேன் சாமி."

"யாருக்கு அவ்வளவு அவசரம்?"

"நித்திலா சொன்னா."

நித்திலா அவர் மகள். பிளஸ் டூ முடித்த லீவில் அப்பாவோடு உட்கார்ந்து, பாகம் பாகமாகப் பூட்டிய மெஷின் இது. இப்போது ஜெர்மனியில் வேலை. போன புதிதில் ஞாயிறுதோறும் அங்கிருந்து அவள், இங்கிருந்து இவர், ஒரே விளையாட்டுக்குள் வந்து சந்தித்துக்கொண்டார்கள். ஒருநாள் சொன்னாள்: "அப்பா, உங்க சிஸ்டம் ரொம்ப இழுக்குது. நான் ஒண்ணு செஞ்சா அது ஆடி அசைஞ்சு வருது. மாத்துங்க, அப்புறம் ஆடலாம்."

அதோடு சரி. ஒரு மழைக்காலம் போய், கோடையும் வந்துவிட்டது. ஃபோனில் பேசுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா. விளையாட்டுப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை.

"திறந்து காட்டும்."

மாசிலாமணி ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே ஒயர்களையெல்லாம் சேர்த்து ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு, துணி சுற்றியது.

"இது?"

"நித்திலா தலையில போட்டிருந்தது. ஒயர் கட்ட ஒண்ணும் கிடைக்கலை. சட்டுனு கழட்டிக் கொடுத்தா."

குரு அதைத் தொடவில்லை. "போட்டுக் காட்டும்."

மடத்துக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரின் மானிட்டரை இழுத்துவந்து, கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாட்டினார். ஃபேன் கரகரவென்று சுற்றியது. படம் வருவதற்குள் குரு பாதி அவரைக்காயை முடித்துவிட்டார்.

ஒரு மரவீடு. உள்ளே இரண்டு கட்டில். வாசலில் ஆறு. ஆற்றின் மேல் பாதிவரை வந்து நின்ற பாலம்.

மாசிலாமணியின் விரல் தானாக ஓடியது. திரையில் ஒரு சின்ன உருவம் வீட்டைவிட்டு இறங்கி, பாலத்தில் ஏறி, கடைசிப் பலகையில் போய் நின்றது.

"ஏன் பாதியில விட்டீரு? பலகை தீர்ந்துபோச்சா?"

"நிறைய இருக்கு. நான் ஒண்ணு வெச்சா அவ ஒண்ணு வெக்கணும். எங்களுக்குள்ள அப்படி. இப்போ அவ முறை."

"அதையும் நீரே வெச்சா என்ன?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். குரு அந்தக் கேள்வியை விட்டுவிட்டார்.

"தினமும் இதுக்குள்ள போவீரா?"

"போவேன்."

"போய்?"

"இந்தப் பலகைவரைக்கும் வருவேன். நிப்பேன்."

"அப்புறம்?"

"மூடிருவேன்."

"நிக்கும்போது இழுக்குதா?"

"இல்ல சாமி. சும்மா நின்னா இழுக்காது. இன்னொரு ஆளும் உள்ளே வந்தாத்தான் இழுக்கும்."

குரு கத்தியைக் கீழே வைத்தார்.

"புதுசு வாங்கினா இந்தப் பாலம் போயிருமா?"

"போகாது. பென் டிரைவ்ல எடுத்து அதுல போட்டுக்கலாம்."

"அப்போ இத்தனை நாள் ஏன் வாங்கலை?"

மாசிலாமணி கார்டு இருந்த அட்டைப்பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"சரி. வாங்கியாச்சுன்னு வையும். நல்ல வேகம். ஒரு குறையில்லை. ஃபோனை எடும். வாம்மா, ஆடலாம்னு கூப்பிடும்."

"இப்பவா?"

"பின்னே?"

"வேலையா இருப்பா."

"ஞாயித்துக்கிழமையா?"

"தூங்குவா."

"அங்கே மணி என்ன?"

"பதினொண்ணு."

யோசிக்காமலே வந்தது பதில்.

மாசிலாமணி ஃபோனை எடுத்தார். மகளின் பெயரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, மேலேயே இருந்தது. கட்டைவிரல் அதற்கு மேலே போய் நின்றது. அழுத்தவில்லை.

"மாத்திட்டேன்னு சொல்லியும்," என்றார், பாதிக் குரலில், "நேரமில்லப்பான்னுட்டா?"

குரு நறுக்கிய காயை அள்ளிக்கொண்டு எழுந்தார். வாணலியைக் கழுவினார். அடுப்பைப் பற்றவைத்தார்.

மாசிலாமணி காத்திருந்து பார்த்தார். ஃபோன் திரை அணைந்துபோனது.

"சாமி, கடையை மூடிருவான். பழசா, புதுசான்னு ஒரு வார்த்தை சொன்னா நான் கிளம்பிருவேன்."

குரு திரும்பினார். மானிட்டரில் அந்தச் சின்ன உருவம் கடைசிப் பலகையில் அப்படியே இருந்தது.

"நிக்கிறதுக்கு இது போதும்யா."