ஒரு உதைக்கு ஒரு கோப்பை

தென்காசியில் செல்லையா அண்ணாச்சியின் வீடியோ கேம் கடையே கதியென்று கிடந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது என்று சொன்னால், அது யாரிடம் இருந்தது என்று கேட்பீர்கள். அண்ணாச்சியும் அதைத்தான் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆவுடையப்பன்தான் கேப்டன். கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியில் அவன் முதலில் உட்கார்ந்துவிட்டான், அதனால். மற்ற இருவர் பிச்சைக்கனியும் சொரிமுத்தும். சண்டை கேமில் எல்லாப் பொத்தான்களையும் ஒரே சமயத்தில் அமுக்குவதுதான் மூவருக்கும் தெரிந்த வித்தை. வருஷா வருஷம் போட்டியில் பஸ் ஸ்டாண்ட் கேம் கடையின் கேப்டனும் ஆவுடையப்பனும் மோதுவார்கள். கோப்பை பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்ந்ததே இல்லை.

"இந்தத் தடவையும் தோத்தியன்னா, கடையை மூடிட்டு புரோட்டாக் கடை போட்டுருவேன்ல," என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல் புரோட்டாக் கல்லையும் வாங்கிவந்து மூலையில் சாத்திவைத்தார். ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. வேறெங்கும் அவனை யாரும் கேப்டன் என்று கூப்பிடுவதில்லை. வீட்டில் 'ஏய்' என்பார்கள், அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சியின் மச்சினன் மதுரையிலிருந்து வந்தார். இந்த விளையாட்டில் பெரிய கை. மூவரின் ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிக்கணும்கிற நெனப்பையே விடுங்கப்பா. சின்னதா ஒரு இலக்கு வையுங்க. எதிராளி உதைச்சா தடுக்கணும், அவ்வளவுதான்னு உக்காருங்க. அது முடிஞ்சப்புறம் அடுத்தது," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். பாவம், நல்ல மனுஷன். யாரிடம் சொல்கிறோம் என்று மட்டும் பார்க்கவில்லை.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"உதையைத் தடுக்கது சின்ன இலக்கால?" என்றான் சொரிமுத்து. "எனக்குப் பெரிசாத் தெரியுது. நான் ரிமோட்டைக் கீழ போடாம பிடிக்கதுல இருந்து ஆரம்பிக்கேன்."

"நான் ஒரு தடவை குதிக்கேன்," என்றான் பிச்சைக்கனி.

"நான் கேப்டன்லா. உதையை நான் எடுத்துக்கிடுதேன்," என்றான் ஆவுடையப்பன்.

அன்று முதல் பயிற்சி. சொரிமுத்து ரிமோட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எந்த விரலை எடுத்தாலும் நழுவிவிடுமே என்று ஒரு பொத்தானைக்கூட அமுக்கவில்லை. பிச்சைக்கனி ஆட்டம் தொடங்கியதும் ஒரு குதி குதிப்பான். இலக்கு முடிந்தது என்று எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். திரையில் அவன் ஆள் அனாதையாக நின்று அடிவாங்குவான். அண்ணாச்சி புரோட்டாக் கல்லைத் துடைக்க ஆரம்பித்தார்.

போட்டி நாள் வந்தது. பஸ் ஸ்டாண்ட் கேப்டன் ஜெபசிங் ஒரு குத்துச்சண்டைக்காரனை எடுத்தான். அந்த ஆளுக்குக் கால் நிற்பதற்கு மட்டும்தான், உதைக்கவே தெரியாது. ஆவுடையப்பன் தடுக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டு உதைக்காகக் காத்திருந்தான். குத்துதான் வந்தது. மறுபடி குத்து. அத்தனையும் தடுப்பில் பட்டு வீணாயிற்று.

பொறுத்துப் பார்த்தான். "ஏல, ஒரு உதை விடுல!" என்று எட்டி ஜெபசிங்கின் தோளைத் தட்டினான். அந்தத் தட்டில் முழங்கை ரிமோட்டில் இடித்தது. இவன் ஆள் ஒரு குத்து விட்டான். அது ஜெபசிங்கின் ஆள் தாடையில் விழுந்தது. அதோடு நேரம் முடிந்தது. யார் ஆளுக்கு உயிர் அதிகம் மிச்சமோ அவனுக்கே வெற்றி என்பது விதி.

கோப்பையை ஆவுடையப்பன் கையில் கொடுத்தார்கள். அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அல்வா வாங்க ஓடினார்.

இங்கே மூவரும் இழவு வீட்டில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு உதையக்கூடத் தடுக்கலயே," என்று விம்மினான் ஆவுடையப்பன்.

"ஜெயிக்கக் கூடாதுன்னு மதுரைக்காரவிய அவ்வளவு சொன்னாவளே, கேப்டன்," என்றான் பிச்சைக்கனி. "இனி அவிய மூஞ்சில எப்படி முழிக்க?"

ஆவுடையப்பன் எழுந்து ஜெபசிங்கிடம் போனான். "தம்பி, வேற ஆளை எடுத்து ஒரே ஒரு உதை விடேன்."

ஜெபசிங் கெட்டிக்காரன். "கோப்பையக் குடுங்க, உதைக்கேன்."

கொடுத்தான். ஜெபசிங் உதைத்தான். ஆவுடையப்பன் தடுத்தான். மூவரும் கட்டிப்பிடித்து ஆடினார்கள். அல்வாப் பொட்டலத்தோடு திரும்பிய அண்ணாச்சி பார்த்தது, கோப்பை ஆட்டோவில் ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போவதையும், கேப்டன் சொரிமுத்தின் தோளில் ஏறி வருவதையும்.

அடுத்த வாரம் அதே இடத்தில் புரோட்டாக் கடை திறந்தது. மூவரும் முதல் ஆளாகப் போனார்கள். அண்ணாச்சி முகம் வாடியிருப்பதைக் கண்டு ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"வருத்தப்படாதிய அண்ணாச்சி. பெரிசா எதும் நினைக்காம சின்ன இலக்கா வையுங்க. இன்னைக்குக் கல்லை மட்டும் காய வையுங்க. மாவை நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி கரண்டியைக் கீழே வைத்தார். கைலியை மடித்துக் கட்டினார். காலை ஓங்கினார்.

"கேப்டன், உதை வருது! தடுங்க!" என்று அலறினான் சொரிமுத்து.

ஆவுடையப்பன் அசையவே இல்லை. "அந்த இலக்குதான் போன வாரமே முடிஞ்சுட்டுல்லா," என்றான். "இன்னைக்குப் புரோட்டா மட்டும்தான்."

கடைசி வார்த்தையை அவன் நடுரோட்டில் படுத்துக்கொண்டுதான் சொன்னான்.