கொசுறு பிறந்த சந்தை

அந்தக் காலத்தில் குரங்கும் நரியும் மனிதரைப் போலவே பேசும். பேசுவதென்ன, சந்தைக்கே வந்து மல்லுக்கட்டிப் பேரமும் பேசும்.

அப்படியொரு சந்தையில் பூவாயி இலந்தைப்பழம் விற்றாள். தங்கமான மனசு, தாராளமான கை. இரண்டு கையும் நிறைய அள்ளித்தான் தராசில் போடுவாள். தட்டு தொப்பென்று இறங்கும். பிறகு எடைக்கு மேலே இருப்பதைப் பிடி பிடியாக எடுத்துக் கூடையில் போட்டு முள்ளை நேராக்குவாள். ஒரு பழம் குறையாது. ஆனால் அவள் எடுக்க எடுக்க, வாங்க வந்தவர் முகம் சுருங்கிப்போகும்.

எதிர்க்கடை நரி கெட்டிக்காரன். முதலில் கொஞ்சமாகப் போடுவான். "அண்ணனுக்கு ஒரு பிடி, அண்ணிக்கு ஒரு பிடி" என்று மேலே மேலே போடுவான். முள் நேராகும் முன்பே பையில் கொட்டிவிடுவான். எடையும் குறைவு, பழத்தில் புழுவும் உண்டு. இருந்தும் கூட்டமெல்லாம் அங்கேதான். பூவாயிக்கு வயிறு எரியாதா பின்னே?

அன்றைக்குப் பூவாயி விற்றே ஆகவேண்டும். வீட்டில் புருஷன் மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடக்கிறான். பானையில் பொட்டுக் கம்பு கிடையாது. பழம் கொடுத்துக் கம்பு வாங்கிப் போனால்தான் அவன் வாயில் கஞ்சி.

ஒரு குரங்கு கம்புப் பையோடு வந்தது. பூவாயி வழக்கம்போல அள்ளிப் போட்டாள். வழக்கம்போல ஒரு பிடியைத் திரும்ப எடுத்தாள்.

"ஏனுங்க அம்மிணி, குடுத்ததைப் புடுங்குறீங்களே! இதுக்கு அந்த நரியே தேவலாம்."

"அட என் சாமி! முள்ளைப் பாருங்க, நேரா நிக்குது!"

குரங்கு முள்ளை எங்கே பார்த்தது? அவள் கையிலிருந்த பிடியைத்தான் பார்த்தது. விருட்டென்று திரும்பி நடந்தது.

பூவாயிக்கு அழுகை முட்டியது. தட்டிலிருந்ததைக் கூடையில் கொட்டிவிட்டு, "வாங்க சாமி, மறுபடி போடறேன்" என்று கெஞ்சினாள். அவசரமாக அள்ளியதில் முதலில் கொஞ்சம்தான் விழுந்தது. பயந்துபோய் இன்னொரு பிடி போட்டாள், அப்புறம் இன்னொன்று. முள் நேராக நின்றது.

"இப்பத்தான் அம்மிணிக்கு மனசு வந்துச்சு!" குரங்கு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கம்பைக் கொட்டியது.

அதே பழம், அதே எடை. பூவாயி திகைத்துப்போனாள். அடுத்த நொடியே மனசு குத்தியது. நரியின் வித்தையை நானும் செய்துவிட்டேனே, பாவம், ஒன்றுமில்லாததற்கு இது சந்தோஷப்படுகிறதே என்று தவித்தாள். போன குரங்கைக் கூப்பிட்டு, அதன் பையில் மேலும் ஒரு பிடி போட்டாள்.

"இது எடையில சேராதுங்க. என் மனசுக்கு."

குரங்கு சும்மா இருக்குமா? சந்தை முழுக்கச் சொல்லிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் கூடை காலி. மத்தியானமே வீட்டில் கஞ்சி கொதித்தது.

அன்று முதல்தான் கடைக்காரர்கள் தராசில் குறைவாகப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். அது நரியிடம் கற்றது. முள் நேராக நின்ற பிறகும் மேலே ஒரு பிடி கொசுறு விழுகிறதே, அது பூவாயி போட்டது. அதை வாங்காமல் நமக்கும் கால் நகர்வதில்லை.