எனக்கு ஒன்றுமில்லை

மின்கம்பம் எட்டாத ஒரு தோட்டத்து வீட்டில் பேட்டரி ஒன்று இருந்தது. பகலெல்லாம் கூரைமேல் கிடக்கும் சோலார் பலகை அதற்கு ஊட்டும். பொழுது சாய்ந்ததும் அது வீட்டுக்குக் கொடுக்கும். நடுவில் நின்று கதவு காப்பவன் இன்வெர்ட்டர்.

பேட்டரி பாதி தீர்ந்ததும் அவன் கீ கீயென்று கத்திக் கதவைச் சாத்திவிடுவான்.

“கையில் பாதி இருக்கும்போதே இல்லையென்கிறாய். கஞ்சப்பயல் என்று என்னைத்தான் பேசுவார்கள்” என்று பேட்டரி சீறும்.

“பேசட்டும். அந்தப் பாதி உள்ளே கிடந்தால்தான் நீ நெடுநாள் உழைப்பாய்.”

வீட்டுக்காரர் சென்னியப்பனுக்கு டிவியில் கபடி நின்றால் பொறுக்காது. “சரியா ரெய்டு போறப்பப் பார்த்துக் கத்துறான் பாரு!” என்று இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ஒரு பீடி குடித்து முடித்து, மறுபடி போடுவார். அதற்குள் பேட்டரிக்குக் கொஞ்சம் மூச்சு திரும்பியிருக்கும்.

“எப்படி இருக்கிறாய்?” என்று இன்வெர்ட்டர் கேட்பான்.

“எனக்கு ஒன்றுமில்லை” என்று நெஞ்சை நிமிர்த்தும் பேட்டரி.

நிமிர்ந்த நெஞ்சை மட்டுமே அவனுக்கு அளக்கத் தெரியும். திறந்துவிடுவான்.

“நம்ம பேட்டரி தங்கம் புள்ள!” என்று சென்னியப்பன் மனைவியிடம் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்காகப் பேட்டரி தினமும் அடிவரை வழித்துக் கொடுத்தது.

கொடுக்கக் கொடுக்க அதன் ஈயத் தகடுகளில் வெள்ளை உப்பு படியும். முன்பெல்லாம் வெயில் ஏறியதும் கரைந்து போய்விடும். இப்போது அது பாய் விரித்துப் படுத்துவிட்டது.

“எழுந்திரு, விடிந்துவிட்டது” என்று பேட்டரி உப்பை எழுப்பியது.

“எனக்கென்ன அவசரம்? இவ்வளவு இடத்தை நீதானே ஒழித்துக் கொடுத்தாய்! ஒரு பகல் வெயிலுக்கெல்லாம் நான் கிளம்பமாட்டேன்.” புரண்டு படுத்த உப்பு, நாளாக ஆகக் கல்லாய் இறுகியது.

“இரண்டு வாய் ஊட்டுவதற்குள் போதும் என்கிறாயே?” என்று பலகை கேட்டது.

“வயிறு நிறைந்துவிட்டது” என்றது பேட்டரி. வயிறே சுருங்கிவிட்டதென்று சொல்லவில்லை.

அந்த ஐப்பசியில் அடைகாத்த கோழியைக் கீரி பிடித்துப் போனது. சென்னியப்பன் மனைவி ராயம்மாள் முட்டைகளை எடுத்து, பல்பு எரியும் குஞ்சு பொரிக்கும் பெட்டியில் வைத்தாள். அதற்காக டிவியையே மூடிவிட்டாள். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கொத்தத் தொடங்கிய நேரம், மழை அடைத்துக்கொண்டது. பட்டப்பகலே இருண்டு கிடந்தது.

கீ... கீ... பல்பு அணைந்தது.

“ஏனுங்க! பொட்டியில லைட்டு நின்னுபோச்சுங்க!”

“பதறாத. அணைச்சுப் போட்டா வந்துரும். தங்கமாச்சே!” சென்னியப்பன் பீடியைப் பற்றவைத்தார்.

பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. டொக்... டொக்... ஓட்டுக்குள் விழும் ஒவ்வொரு கொத்தும் பேட்டரிக்குக் கேட்டது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் நீண்டுகொண்டே போனது.

சென்னியப்பன் ஸ்விட்சைப் போட்டார்.

“எப்படி இருக்கிறாய்?” என்றான் இன்வெர்ட்டர்.

பழைய சொல் நுனிநாக்குக்கு வந்தது. ஒரு வாய் மூச்சு இருந்தது. நெஞ்சை நிமிர்த்தினால் பல்பு எரியும். தங்கம் என்பார்கள். அதை நம்பி இருவரும் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள். அப்புறம் ஆளில்லாத வீட்டில் பல்பு அணையும்.

டொக்.

பேட்டரி நெஞ்சைத் தளர்த்தியது. “என்னிடம் ஒன்றுமில்லை.”

கதவு திறக்கவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் நின்று எரிந்தது.

“போங்க, நீங்களும் உங்க தங்கமும்!” ராயம்மாள் முட்டைகளை வாரி மடியில் கட்டிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். தவிட்டைச் சூடாக்கிக் கூடையில் பரப்பி, முட்டைகளைப் பொதிந்து, தணலோரம் வைத்து, உள்ளே கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். சென்னியப்பன் விறகு ஒடித்துப் போட்டார்.

மழை விட்டது. அவர் வந்து பேட்டரியின் வயரைக் கழற்றத் தொடங்கினார்.

அப்போது எங்கிருந்தோ மெல்லிய சத்தம் வந்தது. கீ... கீ...

“இன்னும் ஏன் கத்துகிறாய்?” என்றது பேட்டரி.

“நான் இல்லை” என்றான் இன்வெர்ட்டர்.