கப்பலில் வந்த பிஸ்டன்

மாங்கரைச் சமஸ்தானம் ஒன்றும் பெரிய ராஜ்யமில்லை. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லையைத் தொட்டுவிடலாம். ஆனால் ராஜாவிடம் மோட்டார் கார் இருந்தது, கேட்டீர்களா. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு இருந்த மரியாதை ராஜாவுக்கே இருந்ததா என்பது சந்தேகம்.

அந்தக் கார் ஒருநாள் புகை கக்கிப் படுத்துவிட்டது. எஞ்சினைக் கழற்றி டவுனில் பொன்னையா பட்டறைக்கு அனுப்பினார்கள். அந்தப் பட்டறையைச் சிபாரிசு செய்தவர் அரண்மனை ஆலோசகர் விருத்தகிரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், மனுஷர்.

பத்து நாளில் தருகிறேன் என்றார் பொன்னையா. பத்து நாள் மூன்று மாதமாயிற்று. ஆள் அனுப்பினால் எஞ்சின் வராது, பில் வரும். இதைப் பிரித்தோம், அது தேய்ந்திருக்கிறது. அதைப் பிரித்தோம், இன்னொன்று விரிசல் விட்டிருக்கிறது. பிரித்தால்தானே தெரியும் என்று ஒரு வேதாந்தம் வேறு.

இந்த லட்சணத்தில், இளவரசியின் கல்யாணச் சீர் பேச வேப்பங்காட்டு ஜமீன்தார் வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. வருங்காலச் சம்பந்தி. அவர் தன் காரில் வந்து இறங்கும்போது, நம் ராஜா மாட்டு வண்டியில் போய் எல்லையில் நிற்பதா? ராஜாவுக்கு ரத்தம் கொதித்தது.

"ஓய் விருத்தகிரி, பட்டறையைச் சொன்னவர் நீர். வெள்ளிக்கிழமை காலை வண்டி ஓடவேண்டும். இல்லாவிட்டால் சனிக்கிழமை நீர் இந்தச் சமஸ்தானத்தில் இருக்கக்கூடாது" என்றார் ராஜா. அதோடு விட்டாரா? அந்தப் பொன்னையாவைத் திட்டக்கூடாது, மிரட்டக்கூடாது, ஒரு காசு கூடுதலாகக் கொடுக்கவும் கூடாது. கோபத்தில் எஞ்சினைச் சாக்கில் கட்டி அனுப்பிவிட்டால் பூட்டித்தர வேறு ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விருத்தகிரி ஜட்காவில் டவுனுக்குக் கிளம்பினார். கூடவே டிரைவர் மாசிலாமணி. ஐம்பத்திரண்டு வயதில் ஊரைவிட்டு எங்கே போவது என்பதுதான் விருத்தகிரியின் கவலை. அதை மறக்க, பட்டறையிலிருந்து கடைசியாக வந்த காகிதத்தைப் பிரித்தார். மேல் பாதியில் கடிதம்: பிஸ்டன் சீமையிலிருந்து கப்பலில் வருகிறது, வந்து சேரவில்லை, பொறுத்தருளவும். கீழ்ப் பாதியில் பில்: பிஸ்டன் அளவுக்குச் சிலிண்டரைக் கடைந்தது, தொண்ணூறு ரூபாய். பிஸ்டன் வரும்வரை எஞ்சினை வைத்திருந்த இட வாடகை, முப்பது ரூபாய்.

"மாசிலாமணி, சிலிண்டரை முதலில் கடைந்துவிட்டு அப்புறம் பிஸ்டனை வாங்குவார்களா?" என்று கேட்டார்.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் பட்டறையிலும் பிஸ்டனைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் சிலிண்டரில் கை வைப்பார்களாம். மயிரிழை கூடப் போனாலும் வேலை கெட்டதாம். "விரலைப் பார்க்காமல் எந்தத் தட்டானாவது மோதிரம் செய்வானா, ஐயா?" என்றான்.

விருத்தகிரி காகிதத்தை மடித்து மடியில் வைத்தார். வழியில் நிறுத்தி நாலு இட்லி சாப்பிட்டார்.

பட்டறையில் மெஷின் மேல் எவனுடைய அரிசி ஆலைச் சாமானோ சுழன்றுகொண்டிருந்தது. அரண்மனை எஞ்சின் மூலையில் கோணி போர்த்திக் கிடந்தது. பொன்னையா ஓடிவந்து நாற்காலி போட்டார், காப்பி வரவழைத்தார், கப்பல் கொழும்பில் நிற்பதாகக் கண்கலங்கச் சொன்னார்.

விருத்தகிரி காப்பியை ஆற்றிக் குடித்துவிட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"முதலாளி, உம்மேல் எனக்குக் கோபமே இல்லை. மகாராஜாவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் சங்கடம். பிஸ்டன் வரவில்லை என்பது நிஜமானால் இந்தத் தொண்ணூறு ரூபாய் பொய். கடைந்தது நிஜமானால் பிஸ்டன் எப்போதோ வந்துவிட்டது, கப்பல் பொய். இரண்டில் எது பொய் என்று நீரே சொல்லிவிடும். மற்றதை நிஜம் என்றே நான் சாதித்துவிடுகிறேன்."

பொன்னையா காகிதத்தைப் பார்த்தார். விருத்தகிரியைப் பார்த்தார். கப்பலை விட்டால் மானம் கொஞ்சம் போகும். தொண்ணூறை விட்டால் பணமல்லவா போகும்? அதிக நேரம் யோசிக்கவில்லை.

"பிஸ்டன் போன மாதமே வந்துவிட்டது ஐயா. மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம். அப்படியானால் சிலிண்டர் கடைந்து தயாராக இருக்கிறது. பூட்டவேண்டியதுதான் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குத் தாராளம். பிஸ்டனுக்காகக் காத்திருக்கவில்லை என்பதால் முப்பது ரூபாய் வாடகையும் கிடையாது. அந்தக் கடைந்த சிலிண்டரைக் கொஞ்சம் காட்டும், மாசிலாமணி பார்க்க ஆசைப்படுகிறான்."

கடைந்திருந்தால் அல்லவா காட்டுவதற்கு? கோணிக்கு அடியில் சிலிண்டர் போன மேனிக்கே கிடந்தது. பிஸ்டன் பீரோவுக்குள் காகிதம் பிரிக்காமல் தூங்கியது. சாயங்காலம் காட்டுகிறேன் என்று பொன்னையா முனகினார். அடுத்த நிமிஷம் அரிசி ஆலைச் சாமான் கீழே இறங்கியது, அரண்மனைச் சிலிண்டர் மேலே ஏறியது. வாங்கப்போகும் தொண்ணூறு ரூபாயை நிஜமாக்க மனுஷர் மூன்று நாள் வீட்டுக்கே போகவில்லை. மாசிலாமணி பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அளவையும் பார்த்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ராஜாவின் கார் எல்லைக்குப் போய் நின்றது. விருத்தகிரி முன்சீட்டில் இருந்தார். சம்பந்தியின் கார் அரை மணி தாமதித்து, இருமிக்கொண்டு, ஊரையே புகையால் மறைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

விருந்து முடிந்தது. வெள்ளிப் பாத்திரம் இத்தனை, வைரம் இத்தனை, மாப்பிள்ளைக்குக் குதிரை நாலு என்று சம்பந்தி அடுக்கிக்கொண்டே போனார். ராஜா வியர்வையைத் துடைத்தபடி தலையாட்டினார். நடுவில் சம்பந்திக்கு வேறொரு ஆசை வந்தது.

"உங்கள் எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடுகிறதே. யார் பார்த்தது?"

"டவுனில் பொன்னையா பட்டறை. நான் போய் உட்கார்ந்தேன், மூன்றே நாளில் கொடுத்துவிட்டார்" என்றார் விருத்தகிரி. அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

சம்பந்தி பட்டியலைப் பாதியில் விட்டுத் தன் காரை அப்போதே பட்டறைக்கு அனுப்பினார். ஊரில் கொண்டுபோய் விட, மாசிலாமணி நம் ராஜாவின் காரில் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினான்.

அவர் தலை மறைந்ததும் ராஜா விருத்தகிரியை ஓரமாக இழுத்தார். "ஓய், இது அடுக்குமா? பொன்னையா அவரை ஆறு மாதம் அலையவைப்பானே. சம்பந்தி ஐயா, பாவம்."

"பாவம்தான் மகாராஜா. ஆனால் சீர்ப் பட்டியல் இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. மீதியைச் சொல்ல, தன் கார் பட்டறையிலிருந்து வந்ததும் நேரே இங்கேதான் வருகிறாராம்."

ராஜா சிரித்த சிரிப்பில் அங்கவஸ்திரம் நழுவியது. குனிந்து அதை எடுக்காமல், விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார்.